விழுந்துகொண்டே இருக்கும் நிலா

(இயற்பியலும் வானியலும் புதிதாகப் படிக்க வருவோருக்காக நிகழ்த்தப்பட்ட மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘இயற்பியலும் வானியலும்: ஓர் அறிமுகம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அறிமுகம் என்றால் வேகம், முடுக்கம், விசை, நிறை, எடை, ஈர்ப்பு, ஒளி என்று ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குவது வழக்கம். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. அந்தப் பட்டியல் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. வரையறைகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நிலா ஏன் கீழே விழாமல் இருக்கிறது? இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் புகுந்தால் அந்தப் பட்டியலில் பாதி தானாகவே வந்து நிற்கும். தேவைப்பட்டபோது கற்றுக்கொண்ட கருத்து அவ்வளவு எளிதில் மறக்காது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நொடியிலும் விழுகிறது. ஒரு நொடிக்கு எவ்வளவு விழுகிறது என்பதை இன்று இந்தக் கரும்பலகையிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கப்போகிறோம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை.

அதற்கு முன்னால், பழைய பதில் ஒன்று இருந்தது. அதை மரியாதையோடு கேட்டுக்கொள்வோம். அரிஸ்டாட்டில் உலகத்தை இரண்டாகப் பிரித்தார். நிலாவுக்குக் கீழே உள்ளது ஓர் உலகம். இங்கே மண்ணும் நீரும் கீழ்நோக்கிப் போகும், நெருப்பும் காற்றும் மேல்நோக்கிப் போகும். நிலாவிலிருந்து மேலே உள்ளது வேறோர் உலகம். அங்கே உள்ளவை அழிவில்லாத ஒரு தனிப்பொருளால் ஆனவை, வட்டமாகச் சுற்றுவதே அவற்றின் இயல்பு. ஆகவே நிலா ஏன் விழவில்லை என்று கேட்கவே வேண்டியதில்லை, விழுவது அதன் இயல்பில் இல்லை. இந்தப் பார்வையைப் பிள்ளைத்தனமானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கல்லை மேலே எறிந்தால் திரும்பி வருகிறது, நிலா வரவில்லை. கண்ணால் பார்த்ததை நம்பித்தான் அவர் சொன்னார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் அந்தப் பதில் நின்றதற்குக் காரணமும் அதுதான். கண் பார்ப்பதற்குப் பின்னால் போய் அளந்து பார்க்கும் பழக்கம் வரும்வரை அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

முதலில் தரையில் விழுவதைப் பார்ப்போம். கனமான பொருள் வேகமாக விழும், லேசான பொருள் மெதுவாக விழும் என்றுதான் அரிஸ்டாட்டிலும் சொன்னார். நம்மில் பலரும் உள்ளுக்குள் அப்படித்தான் நம்புகிறோம். இதோ, என் கையில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று. அதைவிடச் சற்றுச் சிறிதாக வட்டமாக வெட்டிய தாள் ஒன்று. இரண்டையும் தனித்தனியாக விடுகிறேன். நாணயம் டக்கென்று விழுந்துவிட்டது. தாள் அசைந்து அசைந்து வருகிறது. அரிஸ்டாட்டில் சொன்னது சரிபோலத்தான் தோன்றுகிறது. இப்போது தாளை நாணயத்தின் மேலேயே வைக்கிறேன். ஒட்டவில்லை, வெறுமனே வைத்திருக்கிறேன். நாணயத்தைப் படுக்கைவாட்டில் பிடித்து அப்படியே விடுகிறேன். பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்துவிட்டன. தாளின் கனம் கூடவில்லை. அதற்கு எதிரே வந்த காற்றை நாணயம் விலக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். மெதுவாக விழுந்ததற்குக் காரணம் தாளின் எடை அல்ல, காற்று.

காற்றே இல்லாத இடத்தில் இதைச் செய்து பார்த்தவரும் உண்டு. 1971 ஆகஸ்ட் 2 அன்று, அப்போலோ 15 பயணத்தின் தலைவர் டேவிட் ஸ்காட் நிலாவின் தரையில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூறு ஒன்றின் இறகும் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அதன் காணொளி இணையத்தில் கிடைக்கிறது. வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

இதை உறுதியாகச் சொன்ன பெரியவர் கலிலியோ. பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் உச்சியிலிருந்து அவர் இரண்டு குண்டுகளைப் போட்டார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அவருடைய மாணவர் விவியானி பின்னால் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை அது. கலிலியோ தம் நூல்களில் அப்படி ஒரு சோதனை செய்ததாகச் சொல்லவில்லை. உண்மையில் அவர் செய்தது அதைவிட அருமையானது. விழும் பொருள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போகிறது. அந்தக் காலத்தில் நொடியைத் துல்லியமாக அளக்கும் கடிகாரமும் இல்லை. எனவே அவர் விழுதலையே மெதுவாக்கினார். நீண்ட மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, வழவழப்பான தோலை உள்ளே ஒட்டி, சட்டத்தைச் சற்றே சாய்த்து வைத்து, அதில் வெண்கல உருண்டையை உருட்டிவிட்டார். பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் வழியவிட்டு, உருண்டை உருளும் நேரத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று தராசில் நிறுத்துப் பார்த்தார். நேரத்தைத் தண்ணீரின் எடையாக அளந்தார்! 1638இல் வெளிவந்த ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

கிடைத்த முடிவு இது. முதல் நொடியில் உருண்டை ஒரு பங்கு தூரம் போனால், இரண்டாம் நொடியில் மூன்று பங்கு, மூன்றாம் நொடியில் ஐந்து பங்கு, நான்காம் நொடியில் ஏழு பங்கு. ஒற்றைப்படை எண்களின் வரிசை. கூட்டிப் பாருங்கள்: 1, 4, 9, 16. மொத்தத் தூரம் நேரத்தின் இருமடியாக வளர்கிறது. சட்டத்தை இன்னும் சாய்த்தாலும் இதே விகிதம்தான். அப்படியென்றால் செங்குத்தாக விழும்போதும் இதுவேதான். விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் ஒரே அளவு கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கூடுதலைத்தான் முடுக்கம் என்கிறோம். புவியில் அது நொடிக்கு நொடி 9.8 மீட்டர். கையிலிருந்து விட்ட கல் ஒரு நொடி முடிவில் நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் போகும், இரண்டு நொடி முடிவில் 19.6 மீட்டர் வேகத்தில்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஒரு நொடியில் கல் எவ்வளவு தூரம் விழும்? 9.8 மீட்டர் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். கல் சுழியத்தில் தொடங்கி நொடி முடிவில்தான் அந்த வேகத்தை எட்டுகிறது. சராசரி வேகம் அதில் பாதி. ஆகவே முதல் நொடியில் விழும் தூரம் 4.9 மீட்டர். இந்த எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைக்கிறேன். கடைசிவரை இதை அழிக்க வேண்டாம்.

அடுத்தது நிலைமம். உங்கள் புத்தகத்தில் நியூட்டனின் முதல் விதி என்று இருக்கும். ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் என்ற எடுத்துக்காட்டும் இருக்கும். எடுத்துக்காட்டு சரிதான். ஆனால் அந்த விதி எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது அந்தப் பேருந்துக்குள் அடங்காது. அரிஸ்டாட்டிலின் உலகத்தில் ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டியை இழுப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது அல்லவா? நிற்பதற்குக் காரணம் உராய்வு என்று கலிலியோ கண்டார், தெகார்த்தே அதைத் தெளிவாக்கினார், நியூட்டன் விதியாக எழுதிவைத்தார். உராய்வு இல்லையென்றால், நகரும் பொருள் அதே வேகத்தில், அதே திசையில், நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். யாரும் தள்ள வேண்டியதில்லை.

இதை நிலாவுக்குப் பொருத்திப் பாருங்கள். கேள்வியே தலைகீழாக மாறிவிடுகிறது. நிலாவை ஓட்டிக்கொண்டிருப்பது எது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அது பாட்டுக்கு ஓடும். கேட்க வேண்டியது, அது ஏன் நேர்கோட்டில் ஓடி நம்மை விட்டுப் போய்விடவில்லை என்பதுதான். ஒவ்வொரு கணமும் ஏதோ ஒன்று அதன் பாதையை நம் பக்கம் வளைக்கிறது. நேர்கோட்டில் போயிருந்தால் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நிலா விழுந்த தூரம். நான் ‘விழுகிறது’ என்று சொல்வது இந்தப் பொருளில்தான். கவிதைக்காகச் சொல்லவில்லை. கல் விழுவதை அளப்பதைப் போலவே இதையும் அளக்கலாம்.

சுற்றுவதை இப்படிப் பக்கவாட்டு ஓட்டமாகவும் மையம் நோக்கிய இழுப்பாகவும் பிரித்துப் பார்க்கலாம் என்பதை நியூட்டனுக்குக் கடிதத்தில் எழுதியவர் இராபர்ட் ஹூக். 1679இல் எழுதினார். அந்தச் சிந்தனையைக் கணிதமாக்கும் வல்லமை நியூட்டனிடம்தான் இருந்தது என்பது உண்மை. ஆனாலும் ஹூக்கின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆப்பிள் கதையைப் பொறுத்தவரை, வூல்ஸ்தார்ப்பில் தம் தாயின் தோட்டத்தில் ஆப்பிள் விழுந்ததைப் பார்த்துச் சிந்தித்ததாக நியூட்டனே முதுமையில் சொன்னார் என்று அவருடைய நண்பர் ஸ்டூக்லி எழுதிவைத்திருக்கிறார். தலையில் விழுந்தது என்பது பிறகு சேர்ந்தது. அவர் அப்படிச் சிந்தித்தது, கொள்ளை நோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை மூடிவிட்ட 1665, 1666ஆம் ஆண்டுகளில். ஆப்பிள் மரத்தின் உச்சிவரை எட்டும் இழுப்பு மலை உச்சிவரையும் எட்டுகிறது. அது நிலாவரைக்கும் ஏன் எட்டக் கூடாது? இதுதான் அந்த இளைஞருக்கு எழுந்த கேள்வி. ‘பிரின்சிப்பியா’ அச்சாகி வெளிவந்ததோ 1687இல். அச்சுச் செலவை ஏற்றவர் எட்மண்ட் ஹாலி.

நியூட்டன் வரைந்த ஒரு படம் இருக்கிறது. காற்றைத் தாண்டி நிற்கும் ஓர் உயரமான மலை. உச்சியிலிருந்து படுக்கைவாட்டில் ஒரு குண்டை எறிகிறோம். மெதுவாக எறிந்தால் மலையடிவாரத்தில் விழும். வேகமாக எறிந்தால் இன்னும் தள்ளி விழும். எறியும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? புவி உருண்டை என்பதை மறந்துவிடாதீர்கள். குண்டு முன்னால் போகப் போக, அதற்குக் கீழே தரையும் வளைந்து கீழே போகிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டால், ஏறத்தாழ 7.9 கிலோமீட்டர் போவதற்குள் தரை 4.9 மீட்டர் கீழே போயிருக்கும். ஓரத்தில் எழுதிவைத்த எண்ணைப் பாருங்கள். ஒரு நொடியில் குண்டும் அதே 4.9 மீட்டர்தான் விழுகிறது. அப்படியானால் நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்த குண்டு விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையை ஒருநாளும் தொடாது. தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறவே மாறாது. சுற்றுப்பாதை என்பது இதுதான். வேறு எந்த மாயமும் இல்லை. அந்தக் குண்டு 1957 அக்டோபர் 4 அன்று நிஜமாகவே புறப்பட்டது. ஸ்புட்னிக் என்று அதற்குப் பெயர். ‘பிரின்சிப்பியா’ வெளிவந்து அப்போது 270 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரி, இனி நிலாக் கணக்கு. குறிப்பேட்டை எடுங்கள். நானும் பலகையில் எழுதுகிறேன்.

நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இதைக் கிட்டத்தட்டச் சரியாக மதிப்பிடும் வழி கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தொலைவை ஆரமாக வைத்து வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடித்தால் ஏறத்தாழ 24,15,000 கிலோமீட்டர். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் நிலா ஒரு சுற்றை முடிக்க எடுத்துக்கொள்வது 27.32 நாள், நொடிகளாக்கினால் ஏறத்தாழ 23,60,000. வகுத்தால் நொடிக்கு 1.02 கிலோமீட்டர் வருகிறது. நிலா அந்த வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு நொடி நேரம் நேர்கோட்டில் போனால் அது வட்டத்தை விட்டு எவ்வளவு விலகியிருக்கும்? பிதாகரஸ் தேற்றத்தைப் போடுங்கள். ஆரம் ஒரு பக்கம், 1.02 கிலோமீட்டர் மறுபக்கம், கர்ணம் ஆரத்தைவிடச் சற்றே நீளம். அந்தச் ‘சற்றே’தான் நமக்கு வேண்டும். கணக்கைச் சுருக்கினால், போன தூரத்தின் இருமடியை வட்டத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும். விடை 0.00000136 கிலோமீட்டர். மில்லிமீட்டரில் சொன்னால் 1.36.

ஒரு நொடியில் நிலா விழும் தூரம் 1.36 மில்லிமீட்டர். உங்கள் ஸ்கேலில் சுழியத்திலிருந்து இரண்டாவது சிறு கோடுவரை பாருங்கள். அந்த அளவுகூட இல்லை.

இப்போது தரையில் விழும் கல்லோடு ஒப்பிடுவோம். 4.9 மீட்டர் என்பது 4,900 மில்லிமீட்டர். 1.36ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3,600. நிலா புவியின் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? புவியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதைப் போல 60 மடங்கு. 60ஐ 60ஆல் பெருக்கினால் 3,600.

ஒரு நிமிடம் இந்த எண்களையே பார்த்துக்கொண்டிருங்கள். தொலைவு 60 மடங்கு கூடியது. இழுப்பு 60இன் இருமடியாகக் குறைந்தது. தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவு என்று நீங்கள் படிக்கும் வரி இதுதான். இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: ஒரு கல் தரையருகே ஒரு நொடியில் விழும் தூரத்தை நிலா ஒரு நிமிடத்தில் விழுகிறது. நியூட்டன் தம் நூலில் அப்படித்தான் எழுதினார். ஆப்பிளை இழுப்பதும் நிலாவைப் பிடித்துவைத்திருப்பதும் ஒன்றே என்பதற்கு அவர் காட்டிய சான்று இந்தக் கணக்குதான். மண்ணுலகுக்கு ஒரு விதி, விண்ணுலகுக்கு ஒரு விதி என்று அரிஸ்டாட்டில் நடுவே கட்டிய சுவர் விழுந்தது இந்த இடத்தில்தான் என்பேன்.

கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: நிலாவின் தொலைவைப் புவியின் ஆரத்தால் சரியாக வகுத்தால் 60 வரவில்லையே, 60.3 அல்லவா வருகிறது? அதன் இருமடி ஏறத்தாழ 3,640 ஆயிற்றே? நல்ல கேள்வி. நூற்றில் ஒரு பங்கு இடிக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. புவி நிலாவை இழுப்பதைப் போலவே நிலாவும் புவியை இழுக்கிறது. நிலாவின் நிறை புவியின் நிறையில் ஏறத்தாழ 81இல் ஒரு பங்கு. அதனால் புவியும் நிலாவை நோக்கிச் சிறிது விழுகிறது. இரண்டும் நெருங்கும் அளவு அந்த 81இல் ஒரு பங்கு கூடுகிறது. மிச்சமிருந்த வித்தியாசம் பெரும்பாலும் அங்கே அடங்கிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி தேர்வுத்தாளில் மட்டும் இருப்பதல்ல. நம் கணக்கின் நூற்றில் ஒரு பங்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்தது இத்தகைய சிறு மிச்சங்கள்தான். விடை கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டது என்று விட்டுவிட்டால் இதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

இந்தக் கணக்குக்குப் புவியின் அளவு சரியாகத் தெரிய வேண்டும். பிரான்ஸில் ழான் பிகார் 1669, 1670ஆம் ஆண்டுகளில் நிலத்தை அளந்து அதைத் துல்லியமாகக் கண்டார். பிரெஞ்சுக்காரர்கள் அளந்த அளவைத்தான் நியூட்டன் தம் நூலில் பயன்படுத்தினார். புவியின் வடிவத்தை இன்னும் நுட்பமாக அளக்கும் வேலை பின்னால் நம் ஊரிலும் நடந்தது. சென்னைப் பரங்கிமலை அருகே 1802இல் லாம்டன் என்ற நில அளவையாளர் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி வைத்து அளந்து தொடங்கிய நில அளவைதான் பிறகு இமயம்வரை போனது. சென்னை மாணவர்கள் பலர் அந்த மலையைத் தினமும் மின்சார ரயிலில் கடந்து போகிறீர்கள்.

இனி, செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி வரும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதக்கிறார்கள். அங்கே புவியீர்ப்பு இல்லை என்று எழுதுகிறார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையம் இருப்பது ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரம்கூட இல்லை. அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 89 விழுக்காடு அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் நேர்கோட்டில் பறந்து போயிருக்கும்! அவர்கள் மிதப்பதற்குக் காரணம் வேறு. அதைப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பிளாஸ்டிக் பாட்டில்.

அடிப்பக்கத்தில் கோணூசியால் ஒரு துளை போட்டிருக்கிறேன். மூடி இல்லை. தண்ணீர் ஊற்றியதும் துளை வழியே பீச்சுகிறது, பார்த்தீர்களா? மேலே உள்ள தண்ணீரின் கனம் கீழே உள்ள தண்ணீரை அழுத்தி வெளியே தள்ளுகிறது. இப்போது மேடை ஓரத்தில் நின்று, கீழே இருக்கும் வாளிக்குள் பாட்டிலை விடுகிறேன். துளையை மட்டும் கவனியுங்கள். விழும்போது தண்ணீர் நின்றுவிட்டது! இன்னொரு முறை காட்டுகிறேன். கையிலிருந்து விடுபட்ட நொடியிலிருந்து வாளியைத் தொடும்வரை ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. புவியீர்ப்பு எங்கேயும் போய்விடவில்லை. பாட்டில் விழுந்ததே அதனால்தான். பாட்டிலும் தண்ணீரும் ஒரே முடுக்கத்தில் சேர்ந்து விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்தவில்லை. விண்வெளி நிலையமும் அதற்குள் இருக்கும் வீரரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கின்றன, வாளி மட்டும் வரவே வராது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இதைப் படம் போட்டு விளக்காதீர்கள். பாட்டிலை மாணவர் கையில் கொடுத்து விடச் சொல்லுங்கள்.

நிறையும் எடையும் வேறு என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். மிதக்கும் வீரருக்கு எடை தெரியவில்லை. நிறை அப்படியே இருக்கிறது. அங்கேயும் கனமான ஒரு பெட்டியைத் தள்ளி நகர்த்தச் சிரமம்தான், நகர ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதும் சிரமம்தான்.

இதோடு சேர்த்து நம் காலத்தில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலாவில் இறங்கியதை நீங்கள் எல்லோரும் நேரலையில் பார்த்தீர்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இறங்கத் தொடங்கியபோது கலம் நிலாவின் தரைக்கு மேல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. நியூட்டனின் மலைக்குண்டு இப்போது நினைவுக்கு வர வேண்டும். அந்தப் பக்கவாட்டு வேகம் இருக்கும்வரை கலம் விழுந்துகொண்டே சுற்றும், தரைக்கு வராது. தரைக்கு வர வேண்டுமென்றால் அந்த வேகத்தைக் கழித்தாக வேண்டும். நிலாவில் காற்று இல்லை, பாராசூட்டால் பயனில்லை. இன்ஜினை எதிர்த்திசையில் எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். முதல் கட்டமாக ஏறத்தாழ பதினொன்றரை நிமிடம் அதைத்தான் செய்தார்கள். திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, அவை எல்லாம் இந்தக் கரும்பலகையில் இருக்கும் கருத்துகள்தான்.

ஒரு விதியை நம்புவதற்கு ஒரு கணக்கு போதுமா? போதாது. ஈர்ப்பு விதியை அடுத்த 200 ஆண்டுகள் விடாமல் சோதித்தார்கள். 1781இல் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் ஒழுங்காகப் போகவில்லை. விதி தவறா, இல்லை நமக்குத் தெரியாத வேறு கோள் எதுவும் அதை இழுக்கிறதா? பாரிஸில் லெவெரியே கணக்குப் போட்டு, அந்தக் கோள் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 அன்று கடிதம் கிடைத்தது. அன்று இரவே யோகான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் இருந்தது நெப்டியூன்.

அதே லெவெரியே புதன் கோளின் பாதையிலும் ஒரு சிறு பிசகைக் கண்டார். அதற்கும் ஒரு புதிய கோள்தான் காரணம் என்று எண்ணி வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. இந்த முறை குறை விதியில்தான் இருந்தது. நூறு ஆண்டுக்கு 43 விகலை அளவே உள்ள அந்தப் பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கை விளக்கியது. இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். நெப்டியூனை மட்டும் சொன்னால் மாணவர்கள் அறிவியலைச் சாமி வாக்காக நினைத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்று. மண்ணுக்கும் விண்ணுக்கும் விதி ஒன்று என்றால், பொருளும் ஒன்றா? அங்கே இருப்பது அழியாத தனிப்பொருள் என்றல்லவா சொன்னார்கள்? ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் வந்தபோது இதற்கும் விடை கிடைத்தது. சூரிய ஒளியின் நிறமாலையில் சோடியம், இரும்பு, ஹைட்ரஜன் என்று இங்கே இருக்கும் தனிமங்களின் கோடுகளே தெரிந்தன. 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவின் மேல் கடந்த முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தார்கள். அந்தக் கிரகணத்தில் தெரிந்த மஞ்சள் கோடு ஒன்று, தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. அப்படியானால் அது மட்டுமாவது வானுலகுக்கே உரியதோ? 1895இல் வேதியியலாளர் இராம்சே அதை யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து ஆய்வகத்திலேயே பிரித்தெடுத்துவிட்டார். இன்று மேலே பறக்கும் பலூன்கள் பலவற்றுக்குள் இருப்பதும் ஹீலியம்தான்.

நேரம் ஆகிவிட்டது. மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். வானம் தெளிந்திருக்கும் ஓர் இரவில் நிலாவுக்குக் கிழக்கே, அதிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு நட்சத்திரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலாவுக்கும் அதற்கும் இடையில் நிலாவின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு இடைவெளி இருக்கிறது என்று குறிப்பேட்டில் படம் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நிலாவும் நட்சத்திரமும் சேர்ந்து மேற்கே நகர்ந்திருக்கும், அது புவி சுழல்வதால். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய நிலாவின் அகலம் அளவு குறைந்திருக்கும். அது நிலாவின் சொந்த ஓட்டம். அந்த அளவை வைத்து, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே கணக்கிட்டு, இன்று பலகையில் போட்ட கணக்கை உங்கள் எண்களோடு மறுபடி போடுங்கள். விடை 1.36 மில்லிமீட்டருக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஆசிரியர்களே, அப்படிக் கொண்டுவரும் பிள்ளைக்குச் செய்முறை மதிப்பெண்ணில் உரிய இடம் கொடுங்கள்.